ஆர்மாவின் ஏழாவது அர்த்தம்

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லாரும் அட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைகளை அடுக்குகிற வேலை என்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான், இதில் சண்டைக்கு இடமில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்தெட்டு. இப்போது ஐம்பது. சேர்ந்தது என்னவோ தட்டச்சு செய்யத்தான். கொடுத்த தாளில் இருக்கிற தப்பையெல்லாம் கேட்காமலே திருத்திக் கொடுத்ததால், தப்புச் செய்தவர்கள் கூடிப் பேசி மூன்றாம் மாதமே அவளை அட்டைப் பெட்டிகள் இருந்த அறைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே போன முதல் வாரத்திலேயே பெட்டிகளின் வரிசையில் பதினேழு தப்புகளைக் கண்டுபிடித்தாள். அதற்குமேல் அவளைத் தள்ள அந்தக் கட்டடத்தில் அறை இல்லை.

அங்கே தயாராகிக்கொண்டிருந்தது லத்தீன் அகராதி. லத்தீன் சொல் ஒரு பக்கம், அதற்கு நம் மொழியில் அர்த்தம் மறுபக்கம். முப்பது வருஷமாக வேலை நடந்து, இப்போதுதான் முதல் எழுத்து அச்சுக்குப் போக இருந்தது. இந்த வேகத்தில் கடைசி எழுத்து வரும்போது நம் பேரப்பிள்ளைகளுக்கே பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று டீ நேரத்தில் பேசிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இன்னொரு டீ குடிப்பார்கள். அகராதி ஏன் முப்பது வருஷம் ஆகிறது என்பதற்கு அந்த இரண்டாவது டீயும் ஒரு காரணம்.

வேலை முறை இதுதான். ஓர் அர்த்தத்துக்கு ஓர் அட்டை. முன்பக்கத்தில் சொல், அர்த்தம், எந்த நூலில் எந்த இடத்தில் அப்படி வருகிறது என்கிற ஆதாரம். அடியில் ஐந்து கட்டங்கள்: கண்டவர், எழுதியவர், லத்தீன் பார்த்தவர், மொழி பார்த்தவர், தலைமை. ஐந்து கட்டத்திலும் இனிஷியல் விழுந்தால்தான் அந்த அர்த்தம் அச்சேறும். எங்கேயாவது ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். அதோடு அந்த அட்டை செத்தது.

செத்த அட்டையின் முதுகு வெள்ளையாக, கெட்டியாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும். அதைக் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? எல்லாரும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அட்டை அக்காவின் குடும்பம் இருபத்திரண்டு வருஷமாக அந்த முதுகுகளின் மேல்தான் ஓடியது. மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் போன கடிதத்தின் மறுபக்கம் 'முற்றுகை' என்று இருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோன ஒரு வாரம், இருவரும் அட்டையில் எழுதி எழுதியே சண்டை போட்டார்கள். அதில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் 'போர்நிறுத்தம்'. ரொட்டிக்காரர்தான் முதலில் சிரித்தார்.

ரொட்டிக்காரர் என்பது அவள் புருஷன். வீட்டின் முன்பாதி ரொட்டிக்கடை, பின்பாதி குடித்தனம். தம்பியோடு சேர்ந்து கடையை நடத்துகிறார். அந்தத் தம்பி, அதாவது கொழுந்தன், நாற்பது வயது ஆள், எள் என்றால் எண்ணெயாக நிற்பார். யாரும் எள் என்று சொல்லாதபோதும் எண்ணெயாக நிற்பார், அதுதான் அவரிடம் உள்ள ஒரே தொல்லை.

அட்டை அக்காவுக்கு யாரும் லத்தீன் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு இருநூறு அட்டை வீதம் இருபத்திரண்டு வருஷம் கையில் புரண்டால் என்ன ஆகும்? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆதாரம் சரியா என்று பார்க்கப் புத்தகத்தைத் திறப்பாள். திறந்த பக்கத்தில் மேலே நாலு வரி, கீழே நாலு வரி படிப்பாள். அப்படியே ரோமானியக் கவிதைகளில் பாதி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் 'கண்டவர்' கட்டத்தில் அவள் இனிஷியல் ஒருநாளும் விழுந்ததில்லை. அர்த்தம் காண்பது பட்டம் படித்தவர்கள் வேலை. அவள் காணக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, அவள் காண்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அகராதியின் முகப்பில் தொகுத்தவர்கள் பட்டியல் ஒன்று வரும். 'கண்டவர்' கட்டத்தில் ஒரே ஓர் அட்டையாவது தேறியிருந்தால்தான் அதில் பெயர். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் இனிஷியலை அகர வரிசையில் அடுக்கியவளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. அதை நினைத்து அவள் அழவெல்லாம் இல்லை. ஆனால் பட்டியல் பேச்சு வந்தால் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தப் போய்விடுவாள், அது ஏற்கெனவே சாத்தியிருந்தாலும்.

அப்படி இருக்கும்போதுதான் 'ஆர்மா' வந்தது.

ஆர்மா போர்ச்சொல். கேடயம், படைக்கலங்கள், போர், படைவீரர்கள் என்று நாலு அர்த்தம் ஆயுதமும் கையுமாக நிற்கின்றன. கப்பலின் பாய்மரம், கயிறு முதலான சாமான்கள் ஐந்தாவது. உழவனின் கருவிகள் ஆறாவது. ஆறோடு கட்டிவைத்து அச்சுக்கு அனுப்ப இருந்தார்கள். நாலாவது அர்த்தத்தின் ஆதாரத்தைச் சரிபார்க்கப் புத்தகத்தைத் திறந்த அட்டை அக்கா, வழக்கம்போல மேலே கீழே மேய்ந்தாள். ஒரு பக்கம் தள்ளி ஓர் இடத்தில் புயலில் அடிபட்ட மாலுமிகள் கரையேறுகிறார்கள். நனைந்த தானியத்தை இறக்குகிறார்கள். கூடவே 'ஆர்மா'வையும் இறக்குகிறார்கள். அடுத்த காரியம், தானியத்தை வறுத்து அரைக்கத் தயாராகிறார்கள். அந்த இடத்துக்கு அலுவலகம் வைத்திருந்த அர்த்தம்: படைக்கலங்கள்.

புத்தகத்தையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு நேரே தலைமைத் தொகுப்பாளர் அறைக்குப் போனாள். தலைமை அவளைவிட ஐந்து வயது இளையவர், கறாரான பெண்மணி.

"மேடம், ஒரு சந்தேகம். நனைஞ்ச தானியத்தை வாளால குத்தி மாவாக்குவாங்களா?"

தலைமை படித்தார். இன்னொரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத்தனை வருஷம் இதை யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சவங்க யாரும் ரொட்டிக்கடை வீட்டுல வாக்கப்பட்டிருக்க மாட்டாங்க மேடம்."

"அப்ப நீங்களே எழுதுங்க அக்கா. கண்டவர் கட்டத்துல உங்க இனிஷியல்."

எழுதினாள். 'மாவு அரைக்கவும் ரொட்டி செய்யவும் வேண்டிய கருவிகள்.' ஆறு வார்த்தையில் அடங்கிய அந்த அர்த்தத்துக்கு ஒரு மணிநேரம் ஆயிற்று. இரண்டு அட்டை கிழிந்தது. கண்டவர் கட்டத்தில் தன் இனிஷியலைப் போட்டபோது அது கோணலாக விழுந்தது. பேனா சரியில்லை என்றாள்.

லத்தீன் பார்க்கிறவர் பெயர் லத்தீன் சார். வாரத்தில் இரண்டு நாள் வருவார். ஆர்மாவின் முதல் நாலு அர்த்தமும் அவர் இளவயதில் கண்டவை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்.

"ஏம்மா, இது போர்க்காவியம். இதுல ரொட்டி எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

"தானியத்துலேருந்து சார்."

"கருவின்னு எழுதியிருக்கீங்களே, என்ன கருவி? ஒண்ணையாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"தினம் கழுவறேன் சார்."

பக்கத்து மேஜைகளில் சிரிப்பை அடக்கப் பலர் இருமினார்கள். லத்தீன் சார் முகம் சுண்டிப்போய் அட்டையைத் தள்ளிவைத்தார். சத்தம் கேட்டு வந்த தலைமை அவர் மேஜை அருகில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு நிமிஷம் கழித்து லத்தீன் சார் இனிஷியலைப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வெளியே மழை இல்லை.

மூன்று வாரத்தில் மற்றக் கட்டங்களும் நிரம்பின. திங்கட்கிழமை மாலை ஐந்தாவது இனிஷியலும் விழுந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் எழுத்தின் கடைசிக் கட்டு அச்சகத்துக்குப் போக வேண்டும். நடுவில் ஒரே ஒரு செவ்வாய். அந்தத் திங்கட்கிழமை மாலைதான் அட்டை அக்கா தன் வாழ்நாளில் செய்யாத தப்பைச் செய்தாள். உயிருள்ள அட்டையை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ரொட்டிக்காரரிடம் காட்டத்தான். வேறு எதற்கு? இருபத்திரண்டு வருஷம் அவள் சொன்ன அட்டைக் கதைகளை மாவு பிசைந்துகொண்டே கேட்ட மனுஷன் ஆயிற்றே.

"ஏங்க, இதைப் பாருங்களேன்."

அவருக்கு முழங்கை வரை மாவு. "அங்க வை, கை கழுவிட்டுப் பாக்கறேன்."

மேஜை ஓரத்தில் வைத்தாள். அதற்குள் அடுப்பிலிருந்த தட்டுகளை இறக்க வேண்டியிருந்தது, வாடிக்கையாளர்கள் வந்தார்கள், மகள் தொலைபேசியில் அழைத்து ஒரு மணிநேரம் பேசினாள். செவ்வாய்க்கிழமை காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கிளம்பிப் போனவள், நகல் எடுக்கலாம் என்று பதினொரு மணிக்குக் கைப்பையைத் திறந்தபோதுதான் அட்டை இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள். ரொட்டிக்காரர் மேஜைமேல் பார்த்தார், கீழே பார்த்தார், மாவு மூட்டைக்குள்ளேகூடப் பார்த்தார். கடைசியில் போனைத் தம்பியிடம் கொடுத்தார்.

"அட்டையா அண்ணி? காலைல ஒண்ணு எடுத்தேன். புது அடுப்புக்குச் சாமான் வேணும்னு அண்ணன் சொல்லிட்டிருந்தாரே. அவர் சொல்றதுக்கு முன்னாடியே லிஸ்ட் எழுதிப் பாத்திரக்கடையில குடுத்துட்டேன்."

"அதுல சிவப்புக் கோடு இருந்துச்சா இல்லையா?"

"நான் என்னைக்கு அண்ணி முன்பக்கம் பாத்தேன்?"

அவரைத் திட்டவும் முடியவில்லை. அந்த வீட்டில் யார்தான் முன்பக்கம் பார்த்தார்கள்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே தாழியைக் கொண்டுபோய் விளிம்பில் வைத்ததே அவள்தான். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பாத்திரக்கடைக்கு ஓடினாள்.

பாத்திரக்கடைக்காரர் சாவகாசமான ஆள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைமேல் நிமிர்ந்து நின்ற கூர்க்கம்பியைக் காட்டினார். வருகிற சீட்டையெல்லாம் அதில் குத்துவது அவர் வழக்கம். எட்டு மாதச் சீட்டு முழ உயரத்துக்கு ஏறியிருந்தது.

"இன்னைக்குக் காலைல வந்ததுன்னா மேலதான இருக்கணும்?" என்றாள்.

"இருக்கணும். ஆனா கொஞ்சம் முன்னாடி கம்பி சாஞ்சு எல்லாம் கொட்டிடுச்சு. கைக்கு வந்தபடி திருப்பிக் குத்திட்டேன்."

"நான் எடுத்துப் பாக்கலாமா?"

"வரிசை குலைஞ்சிடுமேம்மா."

குலைவதற்கு வரிசை என்று ஒன்று வேண்டாமா? அவள் கம்பியைக் கட்டையோடு தூக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முந்நூற்று நாற்பது சீட்டுகள். தேடுவதற்கு வந்தவள் தேடிக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஆனால் கை பழகிய கையாயிற்றே, எடுக்க எடுக்கத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டே போனாள். ஒரு சீட்டில் 'கரன்டி' என்று எழுதியிருந்ததை நின்று நிதானமாகத் திருத்தினாள். இருநூற்றுச் சொச்சத்தில் அட்டை கிடைத்தது. பார்த்தவுடன் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைப் பேனா மேல் போட வழியில்லை. கடைக்காரர் ஒழுங்காக அடுக்கிய கட்டைப் பார்த்து, "இனிமே மாசம் ஒருதரம் வர முடியுமாம்மா?" என்று கேட்டார்.

சந்தோஷம் தெருமுனை வரைதான் நீடித்தது. பஸ் நிறுத்தத்தில் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கம்பி போட்ட ஓட்டை அர்த்தத்தில் விழவில்லை, ஆதாரத்தில் விழவில்லை. 'லத்தீன் பார்த்தவர்' கட்டத்துக்குள், இனிஷியலின் நட்டநடுவில் விழுந்திருந்தது. இரண்டாம் முறை வேறு குத்தியிருக்கிறாரே, ஓட்டை பெரிதாகிக் கட்டத்தில் பாதி காணோம்.

புதன்கிழமை மத்தியானம் தலைமை வந்ததும் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்கு எடுத்துப் போனது, மேஜை ஓரத்தில் வைத்தது, கம்பி, எல்லாம். மறைத்தால் தெரியவா போகிறது என்று ஒரு யோசனை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அட்டையில் இருக்கிற ஓட்டையை எதில் மறைப்பது?

தலைமை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாக அவளைப் பார்த்தார். "கட்டத்துல ஓட்டை விழுந்தா இனிஷியல் இல்லைன்னு அர்த்தம். இந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்." எட்டு வருஷத்துக்கு முன் எலி கடித்த அட்டை ஒன்றுக்காக அவள் பிடிவாதம் பிடித்து எழுத வைத்த விதி.

"நீங்க எழுதின விதியை உங்களுக்காக நானே மீறினா நல்லா இருக்காது அக்கா. சாயங்காலம் அஞ்சு மணி வரை நேரம் இருக்கு. அவர் இன்னைக்கு வர்ற நாள் இல்ல. போய் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா ஆறு அர்த்தத்தோட அனுப்பிடறேன்."

உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயந்து ஆவதென்ன? கிளம்பினாள்.

லத்தீன் சார் வீடு மூன்றாம் மாடியில். மணி மூன்றரை. கதவைத் திறந்தவர் கையில் தண்ணீர் தெளிக்கிற குப்பி இருந்தது. அறை நடுவில் இஸ்திரிப் பலகை, அதன்மேல் சட்டை, சோபாவில் இன்னும் ஏழு சட்டை. தனியாக இருக்கிற மனுஷன். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"உக்காருங்க" என்றார். உட்கார இடமில்லை.

அவள் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி அட்டையை நீட்டினாள். இந்த முறை தலைமை பக்கத்தில் இல்லை. அவர் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் தான் சொன்ன பதில் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று இருந்தது.

அவர் முன்பக்கத்தைப் படித்தார். பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் கொழுந்தனின் கோணல் எழுத்தில் பட்டியல்.

"சல்லடை ரெண்டு. மாவுத் தொட்டி ஒண்ணு. தகடு மூணு." வாய்விட்டு வாசித்தார். "தகடு எதுக்கு?"

"பிசைஞ்ச மாவைத் துண்டு போட சார். மேஜையில ஒட்டினதைச் சுரண்டவும் அதுதான்."

"துடுப்புன்னு போட்டிருக்கே. ரொட்டிக்கடையில படகா விடறீங்க?"

"நீளமான பிடி வெச்ச பலகை சார். அடுப்புக்குள்ள ரொட்டியைத் தள்ளறதுக்கும் இழுக்கறதுக்கும். கையை விட்டா வெந்துடும்ல?"

கிண்டலாகக் கேட்கிறாரோ என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எந்தச் சல்லடை எந்த மாவுக்கு, தொட்டி மரமா தகரமா, எது முதலில் தேயும். அவள் கையைக் காற்றில் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். கடையில் எல்லாச் சாமானும் ஒன்றாகத் தொலைந்துபோனால் முதலில் எதை வாங்குவீர்கள் என்றுகூடக் கேட்டார். சல்லடை என்றாள். இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றிருந்ததை இருவரும் கருகல் வாசனை வந்தபிறகுதான் கவனித்தார்கள். காலரில் பழுப்பாக முக்கோணம் விழுந்திருந்தது. அவர் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு சோபாவிலிருந்த சட்டைகளை நகர்த்தி, "இப்ப உக்காருங்க" என்றார்.

அவள் உட்கார்ந்தாள்.

"நாப்பது வருஷமா அந்த இடத்தை வாசிக்கறேன்" என்றார் அவர். "கரையில வந்து விழுந்தாங்க, ஆயுதத்தை இறக்கினாங்கன்னுதான் கண்ணுல தெரியும். வீரன்னா வேற என்ன இறக்குவான்னு நினைப்பு. கப்பல் உடைஞ்சு கரைக்கு வந்தவனுக்கு முதல்ல பசிக்கும்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

அவள் கருகிய சட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள்.

அவர் பேனாவைத் திறந்து, ஓட்டைக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் சின்னதாக, சுத்தமாக இனிஷியலைப் போட்டார். மை காயும்வரை ஊதினார்.

"அன்னைக்குத் தலைமை நின்னுட்டிருந்தாங்க, போட்டேன்" என்றார். "படிக்காமலேயே போட்டேன்."

மூன்று வாரமாக அந்த இனிஷியலை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பாள். படிக்காமல் போட்டதா அது? ஒரு கணம் கோபம்தான் வந்தது. அடுத்த கணம், அந்த ஓட்டை மட்டும் விழாமல் இருந்தால் இந்த அறைக்கு வந்திருக்கவே மாட்டோம் என்று நினைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

"கடைக்கு ஒருநாள் வாங்க சார். எல்லாத்தையும் காட்டறேன்" என்றாள்.

"வர்றேன். கழுவச் சொல்லமாட்டீங்களே?"

பஸ் கிடைத்து, நடந்து, படியேறி, அலுவலகத்துக்குள் அவள் நுழைந்தபோது மணி ஐந்தாக எட்டு நிமிஷம். அச்சகத்து ஆள் கட்டைக் கயிற்றால் கட்டக் காத்திருந்தான். தலைமை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன அக்கா, லத்தீன் சார் மறுபடியும் போட்டாரா?"

அட்டை அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அட்டையை நீட்டினாள்.

"மறுபடியும் இல்ல மேடம்" என்றாள். "இப்பதான் போட்டார்."